குளிரட்டும், நனையக் கூடாது

ஜனவரி பிறந்து, மழை விட்டு, இரவில் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியத் தொடங்கினால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் ஒரு வரி சேர்ந்துகொள்ளும். நுவரெலியா மாவட்டத்தின் சில இடங்களில் அதிகாலையில் துகள் உறைபனி எதிர்பார்க்கலாம் என்பார்கள். வானொலியில் அதைக் கேட்ட பின்னேரமே கண்டியில் எங்கள் தெருவில் இளம் குடும்பங்கள் வேன் பேசத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டுச் சின்னதுகள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "டீச்சர் அம்மாயி, நாங்க ஸ்னோ பார்க்கப் போறோம்!" என்று கத்தும்.

நல்லது, போய் வாருங்கள். பிள்ளைகளைக் குளிருக்குள் கூட்டிப் போகாதே என்று தடுக்கிற கிழவி நானில்லை. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, வயது முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு கழித்து, இப்போது ஹந்தானை மலையைப் பார்த்தபடி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறவள் நான். ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டியது சில உண்டு. வேன்காரர் ஹோர்ன் அடிக்கிற அவசரத்தில் சொன்னால் யார் காதிலும் ஏறுவதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில், பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். நம் நாட்டில் ஸ்னோ பெய்யாது. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. கம்பளை, புசல்லாவை, ரம்பொடை என்று வளைந்து வளைந்து ஏறுகிற அந்த 77 கிலோமீற்றர் வழியிலேயே எட்டு ஒன்பது பாகையை இறக்கி வைத்துவிட்டுத்தான் மேலே போகிறோம். இருந்தும் வெண்பனி கொட்ட அது போதாது. நம் நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். பூமியின் நடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் வெள்ளை முடி வைத்த மலை வேண்டுமென்றால் கிளிமஞ்சாரோவைப் போல 5,895 மீற்றர் உயர்ந்து நிற்க வேண்டும்.

ஸ்னோ மேகத்திலிருந்து இறங்குவது. நம் துகள் உறைபனி எங்கிருந்தும் இறங்குவதில்லை, தரையிலேயே பிறக்கிறது. மேகமில்லாத இரவில் நிலம் பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். காற்றும் அசையாமல் இருந்தால், குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். அங்கே புல்நுனியிலும் கோவா இலையிலும் படுகிற நீராவி, தண்ணீராக மாறாமல் நேரே பனிக்கட்டியாகிவிடும். அதனால்தான் குதிரைப் பந்தயத் திடலும் கிரகரி வாவிக் கரையும் அம்பேவளைப் பக்கத்துத் தாழ்ந்த புல்வெளிகளும் வெளுத்துக் கிடக்கிற அதே காலையில், மேலே மலைச்சரிவில் நிற்கிற தேயிலை பச்சையாகவே இருக்கும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வேனில் போகும்போது சொல்லிவிட்டு, எங்கே வெள்ளை இருக்கும் என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். பள்ளம் பார்த்துப் பள்ளம் பார்த்து அவர்கள் விரல் நீட்டுவதைப் பார்க்க வேண்டும்! "ஸ்னோ, ஸ்னோ" என்று ஏமாற்றிக் கூட்டிப்போன பிள்ளை, தொலைக்காட்சியில் பார்த்தது போல மலைமலையாகக் குவிந்து கிடக்கும் என்று நினைத்து, வந்து இறங்கியதும் உதட்டைப் பிதுக்கும். உள்ளதைச் சொல்லிக் கூட்டிப்போன பிள்ளை ஒரு புல்நுனியில் இருக்கிற வெள்ளைக்கே குதிக்கும்.

நாங்கள் அப்படிக் குதித்தவர்கள்தான். பனி பிடித்த காலையில் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் விடிவதற்குள் பீலிக்கரைக்கு ஓடுவோம். இரவில் வாளியில் பிடித்து வைத்த தண்ணீரின் மேல் மெல்லிய தகடு உறைந்திருக்கும். அதை உடையாமல் முழுசாகத் தூக்குகிறவர்தான் அன்றைக்கு ராஜா. கோவாப் பாத்திகளில் இலைக் குழிகளுக்குள் சேர்ந்திருப்பதை விரலால் சுரண்டிப் பீங்கான் கோப்பையில் சேர்த்து, சீனி தூவித் தின்போம். எங்களில் யாரும் அதுவரை ஐஸ் பழத்தைக் கண்ணால் கண்டதில்லை. காலில் செருப்புக் கிடையாது. புல்லில் கால் வைத்தால் முதலில் சுரீரென்று சுடும், பிறகு மரத்துப்போகும். மரத்த காலோடு ஓடுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கால் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

எவ்வளவு நேரம் என்றா கேட்கிறீர்கள்? எங்கள் அம்மாயி கூப்பிடும் வரைக்கும். அம்மாயி காம்பராவுக்குள் அடுப்படியில் ஒரு சாக்கை விரித்து, எங்கள் மாற்றுச் சட்டைகளை அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் போட்டுச் சூடாக்கி வைத்திருப்பார். போனவுடன் ஈரத்தை உருவி எறிந்துவிட்டு, காய்ந்த துணியால் தலை துவட்டி, புகை வாசம் வீசுகிற அந்தச் சூட்டுச் சட்டையை மாட்டிவிடுவார். ஆளுக்கொரு கோப்பை சாயத்தண்ணி. "இந்தக் குளிருல புள்ளைகள வெளிய விடுறீங்களே" என்று யாராவது கேட்டால் அவர் சொல்வது ஒன்றுதான்: "குளிரட்டும், குளிருனா ஒன்னும் ஆகாது. நனைஞ்சுக்கிட்டு நிக்கக் கூடாது."

பிள்ளை வளர்ப்பைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் கொஞ்சநஞ்சமல்ல, ஆசிரியப் பயிற்சியில் எழுதிய பரீட்சைகளும் உண்டு. அவை எல்லாவற்றையும் விட இந்த ஒரு சொல்தான் எனக்கு உதவியிருக்கிறது. குளிர் என்பது பிள்ளை பட வேண்டியது. விழுவது, தோற்பது, பரீட்சையில் குறைந்த புள்ளி வாங்குவது, கூட்டாளி பேசாமல் போவது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அதிலிருந்து பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைத்தால் கால் எப்போதும் மெத்தென்றே இருக்கும். ஆனால் திரும்பி வரும்போது காய்ந்த சட்டை ஒன்று காத்திருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அது இல்லையென்றால் அதே குளிர் விளையாட்டாக இருக்காது, வெறும் வதையாகிவிடும்.

அதற்குச் சாட்சி அடுத்த காம்பராவில் இருந்தது. என் வயதுப் பிள்ளை. பனி பிடித்த காலைகளில் அவள் வெளியே வரவே மாட்டாள். தகரக் கூரை இரவில் நிலத்தைப் போலவே சூட்டை இழந்து சில்லிட்டுப்போகும். உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சுக்காற்று தகரத்தில் பட்டு நீராகி, விடியும்போது சொட்டும். எங்கள் காம்பராவில் அப்பா தகரத்துக்குக் கீழே சாக்கு வைத்துத் தைத்துக் கட்டியிருந்தார். அவளுடைய வீட்டில் அதைச் செய்ய ஆண் துணை இல்லை. அவளுக்கிருந்த ஒரே ஒரு சட்டையும் படுக்கையும் ஈரமாகியிருக்கும். விடியும் முன்பே நனைந்துவிட்ட பிள்ளை எப்படிப் பனியில் விளையாட வரும்? ஒரே லயம், ஒரே குளிர், சுவருக்கு இந்தப் பக்கம் திருவிழா. அந்தப் பக்கம் இருமல்.

பெரியவர்களுக்கும் அந்தக் காலை வேறு மாதிரித்தான் விடிந்தது. வெயில் ஏறி வெள்ளை கரைந்ததும் பள்ளத்து மலையில் கொழுந்து கருத்துப்போகும். இலைக்குள் இருக்கிற நீர் உறைந்து கலங்களைக் கிழித்துவிடுவதால் பின்னேரத்துக்குள் அந்த இலைகள் பழுப்பாகிச் சுருண்டுவிடும். நிழல் மரங்களுக்குக் கீழே நின்ற செடிகள் பெரும்பாலும் தப்பிவிடும். நிலத்தின் சூடு வானத்துக்குப் போகாமல் கிளைகள் மறித்துக்கொள்வதுதான் காரணம். கருகிய மலையில் கொழுந்து ஏது? நிறை குறைந்தால் முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான், அதாவது பாதி நாட்சம்பளம். அன்றிரவு அம்மா அப்பாவிடம் "இன்னைக்கு அரைப்பேரு" என்று தாழ்ந்த குரலில் சொல்வதை நான் போர்வைக்குள் இருந்து கேட்டிருக்கிறேன். காலையில் எங்கள் பனிக் கோப்பைக்குச் சீனி அள்ளிக் கொடுத்தவரும் அதே அம்மாதான். அது அரைப்பேர் நாளாகப் போகிறது என்று புல் வெளுத்ததைப் பார்த்த உடனேயே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் எங்கள் காலையைக் காலையாகவே விட்டுவைத்தார்.

இன்றைய பெற்றோரிடம் நான் காண்கிற குறை ஒன்று உண்டென்றால் இதுதான். சிரமம் உங்களுக்கு இல்லை என்று சொல்லவில்லை. இந்த நாட்டில் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வீட்டுக் கணக்குப் போடுகிற யாருக்குத்தான் சிரமம் இல்லை? ஆனால் நாலு வயதுப் பிள்ளை குளிரில் சிணுங்கினால், "இந்தப் பயணத்துக்கு எவ்வளவு செலவழிச்சிருக்கோம் தெரியுமா, சிரி, போட்டோவுக்கு நில்லு" என்று அதட்டுகிறீர்கள். விலையைச் சொல்லிக்காட்டிய சந்தோஷத்தைப் பிள்ளை எப்படி அனுபவிக்கும்? கணக்கை இரவில் பேசிக்கொள்ளுங்கள், தாழ்ந்த குரலில்.

எங்கள் ஆட்கள் குளிருக்குப் பிறந்தவர்களல்லர். புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம், சேலம் என்று வெயில் காய்கிற மண்ணிலிருந்து புறப்பட்டு, மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தவர்கள். முதலில் கோப்பிக்காகக் கொண்டுவரப்பட்டார்கள். 1867இல் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும், 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டதும் சேர்ந்து, அந்தச் சனங்களை இன்னும் உயரத்துக்கு, இன்னும் குளிருக்குத் தள்ளின. தோட்டம் ஆளுக்கொரு கம்பளி கொடுத்தது, கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. அந்தக் கம்பளிதான் மழைக்கும் பனிக்கும் தலையில், இரவில் பிள்ளைகள் மேல், செத்தால் பிணத்தின் மேலும். ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையை நூதனசாலையாக்கி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். இயந்திரங்கள் எல்லாம் அழகாக இருக்கின்றன. தலையில் கம்பளி போட்டு மலையேறியவர்களைப் பற்றி அங்கே நீங்கள்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பிறகு 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இங்கே என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். என் பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் மார்கழி, தையில் உறைபனி. அங்கேயும் கொழுந்து கருகும். ஊட்டியில் புல்வெளி வெளுத்ததைப் பார்க்கச் சமவெளியிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். பெரியம்மா எழுதிய கடிதத்தில் ஊரைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. "வெறகு கெடைக்குது, புள்ளைகளுக்கு மாத்துச் சட்ட இருக்கு" என்று மட்டும் இருந்தது. அது போதும், எங்களுக்கு எல்லாம் விளங்கியது.

தங்கையின் குடும்பம் 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்குப் போயிற்று. அந்த ஆடி மாதத்தைப் பற்றி இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை, கண்டியில் வயதானவர்களைக் கேளுங்கள். அன்றைக்குப் போனவர்களுக்கு ஸ்னோ விளையாட்டாக வாய்க்கவில்லை. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை கஸ் டோல்டன் என்ற மீன்பிடிக் கப்பல் தலைவர் கண்டு காப்பாற்றினார் என்பது உலகறிந்த கதை. அப்படியும் இப்படியுமாகப் போய்ச் சேர்ந்தவர்கள் இரவு வேலைக்குப் பஸ் தரிப்பில் நின்று, யாரோ கொடுத்த பழைய குளிர்க் கோட்டோடு முதல் சில வருடங்களைத் தள்ளினார்கள். தங்கை அந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது ஸ்னோவின் நிறத்தைச் சொல்ல மாட்டாள். சப்பாத்துக்குள் தண்ணீர் போனதைத்தான் சொல்வாள்.

அவளுடைய பேரப்பிள்ளைகளுக்கு அதே ஸ்னோ திருவிழா. தைப்பொங்கலன்று டொரொண்டோவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக 2016இல் கனடா நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஆனால் வாசலில் பொங்கல் வைக்கச் சூரியனைக் காணோம். அடுப்பு உள்ளே, பிள்ளைகள் வெளியே. தோட்டத்தில் ஒரு ஸ்னோ மனிதனை நிறுத்தி, கரட்டால் மூக்கு வைத்து, நெற்றியில் குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்கள். கழுத்தில் ஒரு சால்வை. பெரிய அட்டகாசம்! நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களின் தாயை. தங்கையின் மகள் கதவடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காய்ந்த மேஸ் சோடிகள், மாற்றுக் கையுறைகள், சூடாக்கியின் மேல் துவாய். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றாக உள்ளே கூப்பிட்டுக் கையுறையைத் தொட்டுப் பார்ப்பாள். ஈரமென்றால் மாற்று, காய்ந்திருந்தால் மறுபடி வெளியே. அவள் லயத்தைக் கண்டதில்லை, எங்கள் அம்மாயியைக் கண்டதில்லை. இருந்தும் அந்தக் கதவடியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

கையில் போனை வைத்துக்கொண்டே பனியைப் பார்க்கிற இளையவர்களுக்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வெர்மொன்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில் 1865இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் வில்சன் பென்ட்லி. அவருடைய தாய் முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மகனுக்குப் பதினைந்து வயதானபோது ஒரு நுணுக்குக்காட்டியைக் கையில் கொடுத்தார். பையன் அதில் ஸ்னோவை வைத்துப் பார்த்தான். பார்த்தவன் பார்த்ததுதான், பிறகு வாழ்நாள் முழுக்க வேறு எதையும் அவ்வளவு ஆசையோடு பார்க்கவில்லை. ஒவ்வொரு ஸ்னோத் துகளும் ஆறு கை நீட்டிய ஒரு கோலம், விரல் சூடு பட்டால் அழிந்துவிடும். வரைந்து பார்த்தான், வரைவதற்குள் உருகிவிட்டது. நுணுக்குக்காட்டியோடு கமெராவைப் பொருத்தி, 1885 ஜனவரியில் ஒரு தனித் துகளைப் படம் பிடித்தான். வீட்டில் தகப்பனுக்கு இதெல்லாம் வேலை மெனக்கெட்ட வேலையாகத்தான் பட்டது, ஆனாலும் அந்தக் காலத்தில் 100 டாலர் விலையுள்ள கமெராவை வாங்கிக் கொடுத்ததும் பெற்றோர்தான். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட துகள்களைப் பென்ட்லி படம் பிடித்தார். மாடு கறந்து, நிலம் உழுது, மிச்ச நேரத்தில் செய்த வேலை. 1931இல் அவருடைய படங்கள் பெரிய புத்தகமாக வெளிவந்தன. அதே ஆண்டு டிசம்பரில் பனிப்புயலுக்குள் நடந்து வீட்டுக்கு வந்தவர், நிமோனியா கண்டு இறந்துபோனார். பனியை அவ்வளவு நேசித்தவருக்கும் அது விலக்குக் கொடுக்கவில்லை.

அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் எவ்வளவோ பரிசு கொடுத்திருக்கிறேன், பெரும்பாலும் பேனையும் கொப்பியும். ஒரு பூதக்கண்ணாடி அவ்வளவு பெரிய விலையில்லை, கண்டி நகரத்துப் புத்தகக் கடைகளிலேயே கிடைக்கும். அதை வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்து, குதிரைப் பந்தயத் திடலில் முழங்காலில் உட்கார வையுங்கள். உறைபனி ஸ்னோவைப் போல அவ்வளவு ஒழுங்கான ஆறு கை காட்டாது, ஊசி ஊசியாகவும் இறகிறகாகவும் புல்லில் முளைத்து நிற்கும். வெயில் தொட்டதும் ஒவ்வொரு ஊசியாகச் சாயும். பத்து நிமிடம் அதைப் பார்த்த பிள்ளைக்கு நீங்கள் எடுத்த நூறு போட்டோவும் தேவைப்படாது.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். நடுச்சாமத்தில் கண்டியை விட்டுப் புறப்பட்டு, நித்திரைச் சாரதியோடு ரம்பொடை வளைவுகளில் மூடுபனிக்குள் ஏறாதீர்கள். பனி நிற்பது சூரியன் ஏறும் வரைதான் என்பதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. முதல் நாள் பகலிலேயே போய்த் தங்குங்கள். பிள்ளைக்கு ஒரு தடித்த உடுப்பை விட இரண்டு மூன்று மெல்லிய உடுப்பு ஒன்றின் மேல் ஒன்றாக நல்லது. பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும், கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். காது மறைய ஒரு குல்லா. மேஸ் இரண்டு சோடி அதிகமாக. சின்ன உடம்பு பெரிய உடம்பை விட வேகமாகச் சூட்டை இழக்கும், ஆகையால் உங்களுக்குக் குளிரவில்லை என்பதை வைத்துப் பிள்ளைக்குக் கணக்குப் போடாதீர்கள். உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சு மந்தமானாலோ உடனே உள்ளே. மூச்சிழுப்பு உள்ள பிள்ளையென்றால் மருந்து உங்கள் கைப்பையில் இருக்கட்டும், வேனில் வைத்த பெட்டியில் இருந்து பிரயோசனமில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். இரவில் குளிர் தாங்கவில்லையென்று கரி அடுப்பையோ இறைச்சி வாட்டுகிற தட்டையோ அறைக்குள் கொண்டுபோய்க் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்காதீர்கள். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். எங்கள் லயத்தில் இரவெல்லாம் அடுப்பு எரிந்ததே என்று கேட்பீர்கள். அந்தக் காம்பராவின் கூரைக்கும் சுவருக்கும் இடையில் கை போகிற இடைவெளி இருந்தது. எங்களைக் குளிரில் நடுங்க வைத்த அந்த ஓட்டைதான் எங்களைக் காப்பாற்றியதும்.

அங்கே போய் எப்படி நடந்துகொள்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளுத்துக் கிடக்கிறதே என்று மரக்கறிப் பாத்திக்குள் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். அது உங்களுக்கு வெள்ளை, லீக்ஸும் உருளைக்கிழங்கும் நட்டவனுக்கு நட்டம். விடியுமுன் எழும்பி இலை மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிக்கொண்டிருக்கிற மனிதனிடம், "இன்னும் கொஞ்ச நேரம் விடுங்களேன், பிள்ளை பார்க்கட்டும்" என்று கேட்ட ஒரு குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன். கொழுந்தெடுக்கப் போகிற பெண்களை மறித்துப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பதென்றால் முதலில் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். பிள்ளைக்கு "அக்காவுக்கு வணக்கம் சொல்லு" என்று சொல்லிக்கொடுங்கள். அவர்களின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது 2021இல், 1,350 ரூபாவானது 2024 செப்டெம்பரில். ஒவ்வொரு நூறு ரூபாவுக்கும் எத்தனை வருடப் போராட்டம் என்று உங்கள் பிள்ளைக்கு இப்போது சொல்ல வேண்டாம், பத்து வயதானதும் கட்டாயம் சொல்லுங்கள்.

கண்டியில் பனி இல்லையே என்று பிள்ளைகள் ஏங்கினால் ஏங்கட்டும், அதுவும் நல்லதே. சித்திரைக்கு முன்னும் ஐப்பசியிலும் இடி மழையோடு எப்போதாவது ஆலங்கட்டி விழும். அப்போது கதவைச் சாத்தாமல், இடி அடங்கியதும் பிள்ளையை முற்றத்துக்கு விடுங்கள். நாலு கட்டி பொறுக்கி, ஒன்றை வாயில் போட்டு, மூன்றை உங்களிடம் கொண்டுவந்து காட்டும். காட்டுவதற்குள் ஒன்றாவது கரைந்துவிடும். துவாயை மட்டும் தயாராக வைத்திருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உயரத்துத் தோட்டங்களில் பிள்ளைமடுவங்களும் முன்பள்ளிகளும் இருக்கின்றன. இன்றைக்கும் தகரக் கூரைக்குக் கீழே விடிகிற பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். பனி பார்க்கப் போகிற குடும்பங்கள், தங்கள் பிள்ளைக்கு வாங்குகிறபோதே கம்பளிச் சட்டையும் மேஸும் இன்னொரு பிள்ளைக்கும் சேர்த்து வாங்குங்கள். வழியில் வேனை நிறுத்திப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம், அதைப் போல ஈனம் வேறில்லை. உங்கள் பிள்ளை போட்டு நைந்ததும் வேண்டாம். முன்பள்ளி ஆசிரியையிடம் முன்கூட்டியே பேசி, எத்தனை பேர், என்ன அளவு என்று கேட்டு, புதிதாக வாங்கி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மார்கழி முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். மாசி பாதியில் வந்து சேர்கிற கம்பளிச் சட்டையால் அந்த வருடம் யாருக்கும் பயனில்லை.